ஆர்க் மோடில் தலைப்பைத் தள்ளினால் துணைத்தலைப்புகள் கூட வருவதில்லை, ஏன்?

ஆய்வேட்டுக்காரி:
ஆய்வேட்டை ஈமேக்ஸ் உரைத்திருத்தியில், தலைப்புவாரியாக எழுத உதவும் ஆர்க் மோடில் எழுதுகிறேன், ஒரே கோப்பு, 4000 வரிக்கு மேல். ஒற்றை நட்சத்திரத்தில் (தலைப்பின் முன்னிருக்கும் நட்சத்திரங்களின் எண்ணிக்கைதான் அதன் மட்டம்) இருந்த "களப்பணி"யை அதற்கு மேலிருக்கும் "முறையியல்" இயலுக்குள் தள்ள நினைத்து ஆல்ட்டும் வலது அம்பும் அழுத்தினேன். அதற்கு மட்டும் ஒரு நட்சத்திரம் கூடியது. இரட்டை நட்சத்திரத்தில் இருந்த ஆறு துணைத்தலைப்புகளும் அப்படியே நிற்க, இப்போது தாயும் பிள்ளைகளும் ஒரே வரிசை. இது போதாதென்று, மூடியிருந்த இன்னொரு தலைப்பில் ஒரு வரிதானே போகும் என்று கண்ட்ரோல்-கே அடித்தேன், உள்ளே இருந்த பதினொரு பத்தியும் சேர்ந்து போய்விட்டது. அன்டூ இல்லையென்றால் அழுதிருப்பேன்.

பழைய_ஈமேக்ஸ்:
ஷிப்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஆல்ட்-வலது அந்த ஒரு தலைப்பை மட்டும்தான் மாற்றும், ஆல்ட்-ஷிப்ட்-வலது முழுக் கிளையையும், அதாவது துணைத்தலைப்புகளோடு சேர்த்து, மாற்றும். ஆனால் ஆல்ட்-மேல், ஆல்ட்-கீழ் மட்டும் ஷிப்ட் இல்லாமலே முழுக் கிளையைத் தூக்கிப் போகும். இதில் ஏன் ஒரே முறை இல்லை என்று எனக்கும் எரிச்சல்தான். நீங்கள் கிளையைத் திறந்து வைத்திருந்திருப்பீர்கள். டேப் அடித்து மூடியிருந்தால் "உள்ளே மறைந்திருக்கிறது" என்று தடுத்திருக்கும்.

கண்ட்ரோல்-கே விஷயத்துக்கு ஆர்க்-கண்ட்ரோல்-கே-ப்ரொடெக்ட்-சப்ட்ரீ என்று ஓர் அமைப்பு உண்டு, இயல்பில் அணைந்திருக்கும். போட்டுவிட்டால் அழிக்குமுன் கேட்கும்.

கருப்புத்திரை:
டெர்மினலில் ஓட்டுபவர்களுக்கு ஆல்ட்-ஷிப்ட்-அம்பு பல சமயம் வந்தே சேராது. நான் ஸ்பீட் கமாண்ட்ஸ் போட்டு வைத்திருக்கிறேன்: கர்சர் முதல் நட்சத்திரத்தின் மேல் இருந்தால் என், பி என்று ஒற்றை எழுத்திலேயே அடுத்த, முந்தைய தலைப்புக்குப் போகலாம், யூ அடித்தால் தாய்த் தலைப்பு, பெரிய எழுத்து ஆர் அடித்தால் கிளையோடு உள்ளே தள்ளும். ஒன்று, கணினியின் விசைப்பலகை தமிழில் இருந்தால் இந்த எழுத்துகள் எதுவும் வேலை செய்யாது. அதனால் தமிழை ஈமேக்ஸுக்குள்ளேயே கண்ட்ரோல்-பின்சாய்வில் மாற்றிக்கொள்கிறேன், கண்ட்ரோல்-சி வகையறாவாவது தொந்தரவில்லாமல் போகும்.

பழைய_ஈமேக்ஸ்:
அப்புறம், தூரத்து இயலுக்கு அனுப்ப அம்பு எதற்கு? கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-டபிள்யூ, ரீஃபைல். போகும் இடத்துக்கு ஏற்ப நட்சத்திரத்தை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இயல்பில் முதல் மட்டத் தலைப்புகளைத்தான் காட்டும், ஆர்க்-ரீஃபைல்-டார்கெட்ஸில் மூன்று மட்டம் வரை என்று சொல்லி வையுங்கள்.

ஆய்வேட்டுக்காரி:
ஷிப்ட் போட்டேன், ஏழும் சேர்ந்து நகர்ந்தன. ரீஃபைலும் ஆயிற்று, ஆனால் களப்பணி முறையியலின் கடைசியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆல்ட்-மேல் நான்கு முறை.