“அங்கே போகாதேடா!” என்று திரையைப் பார்த்துக் கத்த வைத்த முடிவுகள்: உங்கள் அனுபவம் என்ன?

கடைசி வரிசை:

எந்திரன் (2010) வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு ஆற்றாமை. ராணுவத் தேர்வில் சொதப்பிய ரோபோ சிட்டியை, அதைச் செய்த வசீகரனே கோபத்தில் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறார். சரி, கோபம், புரிகிறது. ஆனால் வெட்டியதை அப்படியே குப்பைமேட்டுக்கு அனுப்புகிறாரே, அதுதான் தாங்க முடியவில்லை. பல வருட உழைப்பு. அந்தத் தொழில்நுட்பத்துக்காக ஒருத்தர் அலைந்துகொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். உருக்கியிருக்கலாம், லேபிலேயே பூட்டி வைத்திருக்கலாம். வில்லன் போரா வந்து அள்ளிக்கொண்டு போக வசதியாகக் கொட்டிவிட்டு வருகிறார். விஞ்ஞானியாம்!

அப்புறம் ரிச்சி தெருவில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். வீட்டில் மாட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டியல், ஆதார் நகல்கள், மேனேஜர் வீட்டுக் கிரகப்பிரவேசப் படங்கள் என எல்லாம் முழுசாக இருக்கிறது. கணினிகளைக் காயலான் கடைக்குப் போடுமுன் டிஸ்க்கை அழிக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் பயன்படுத்தினேன். வசீகரன் மேல் இருந்த கோபம் அன்றோடு பாதி போய்விட்டது.

அதனால் கேட்கிறேன். படத்தில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட ஒரு முடிவை, நேரில் ஒருத்தர் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கதை சொல்லுங்கள்.

நைட் டியூட்டி:

அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், டெல்டா பக்கம். எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான், பாம்புக்கடி சீன். கதாநாயகிக்குக் காலில் கடி. கதாநாயகன் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டி, கடிவாயில் வாயை வைத்து உறிஞ்சித் துப்புவார். அவளும் கண்ணைத் திறப்பாள். அடுத்தது பாட்டு.

எங்களிடம் வருகிறவர்கள் கட்டுப் போட்டு வருவது சேலையில் இல்லை, நைலான் கயிற்றில். தொடையில் விரல் நுழையாத அளவு இறுக்கி, கால் நீலம் பாய்ந்து வரும். பிளேடால் கீறிவிட்டும் கூட்டி வருவார்கள். கண்ணாடி விரியன் கடித்திருந்தால் ரத்தம் உறையாது, அதனால் அந்தக் கீறலிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். நாங்கள் செய்யும் முதல் சோதனை ரொம்ப எளிது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. கட்டையும் சட்டென்று அவிழ்க்க முடியாது. டாக்டர் பக்கத்தில் நின்று, மருந்தெல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் தளர்த்துவோம்.

ஒரு ராத்திரி வரப்பில் கடிபட்ட ஒருவரைத் தம்பி தூக்கி வந்தார். தம்பியின் சட்டை முன்புறமெல்லாம் ரத்தம். “நான் உறிஞ்சித் துப்பிட்டேன் சிஸ்டர், சரிதானே?” என்கிறார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. முதலில் போய் வாயைக் கொப்பளிங்க என்று அனுப்பிவிட்டு அண்ணனுக்கு ஊசி போட்டோம். திரும்பி வந்தவர் கையில் ஒரு உரச்சாக்கு. “இதுதான் கடிச்சது, பாருங்க.” சாக்கு நெளிகிறது! வார்டில் பாதிப் பேர் கட்டில் மேல் ஏறிவிட்டார்கள்.

பாம்பைக் கொண்டு வரவே வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதற்கான விஷத்தை மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில், 1978ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. சினிமாவில் ஒருத்தராவது “ஆட்டோவைக் கூப்பிடு, ஜி.ஹெச்.சுக்குப் போகலாம்” என்று சொல்லிக் கேட்டிருக்கிறேனா? நினைவில்லை.

இன்னொன்று. கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார், இமை தொங்கிப் போயிருக்கும். அதைப் படத்தில் காட்டினால் யாருக்கும் பாம்புக்கடி என்றே புரியாது போல.

முன்பதிவு செய்தவன்:

வயிற்றில் குத்திய கத்தியைப் பிடுங்கி வில்லன் மேலேயே எறிவதைப் பற்றி உங்கள் கருத்து என்ன சிஸ்டர்?

நைட் டியூட்டி:

பிடுங்கவே கூடாது. ரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தக் கத்திதான். அசையாமல் துணியை வைத்துக் கட்டிக் கூட்டி வாங்க, மீதியைத் தியேட்டரில் பார்த்துக்கொள்வார்கள். சினிமா தியேட்டரைச் சொல்லவில்லை.

பால்கனி டிக்கெட்:

டைட்டானிக் (1997). அந்தப் பலகையில் ஜாக்குக்கு இடம் இருந்ததா இல்லையா என்று உலகமே சண்டை போட்டு முடித்துவிட்டது. 2023ல் கேமரூனே ஸ்டன்ட் கலைஞர்கள் இருவரைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கிச் சோதித்து, இரண்டு பேரும் மேலுடம்பைத் தண்ணீருக்கு மேலே வைத்துச் சமாளித்திருந்தால் அவன் பிழைத்திருக்கவும் கூடும் என்று காட்டினார். எனக்கு அந்தப் பலகை பிரச்சினையே இல்லை. ரோஸ் உயிர்ப்படகில் உட்கார்ந்தாயிற்று, படகும் இறங்குகிறது, அதிலிருந்து திரும்பக் கப்பலுக்குக் குதிக்கிறாளே! அவள் பேசாமல் போயிருந்தால் பலகை மொத்தமும் ஜாக்குக்குத்தான்.

இதை வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் மனைவி வரலாறு படித்தவர். “நிஜக் கப்பலில் ஐடா ஸ்ட்ராஸ் என்கிற அம்மா என்ன செய்தார் தெரியுமா?” என்றார். படகில் இடம் கொடுத்தும், கணவரை விட்டுப் போகமாட்டேன் என்று இறங்கி வந்துவிட்டாராம். படத்தில் கட்டிலில் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கும் வயதான ஜோடி அவர்களை வைத்து எடுத்ததுதானாம். அதோடு விடவில்லை. 40 பேர் ஏற வேண்டிய ஒரு படகு அன்றைக்கு 12 பேரோடு போயிருக்கிறது. அவ்வளவு பெரிய கப்பலை விட்டு ராத்திரியில் இந்தச் சின்னப் படகில் இறங்குவதா என்று தயங்கியவர்களும் நிறைய. 1912 ஏப்ரலில் அந்தத் தளத்தில் நின்றிருந்தால் நீங்களும் ‘கப்பலே பத்திரம்’ என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று முடித்துவிட்டார். நான் காபி போடப் போய்விட்டேன்.

உப்புக்காற்று:

கடல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எனக்கு மாமல்லபுரம் பக்கம். பேரழிவுப் படங்களில் அலை வருவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பார்களே, தியேட்டரில் “ஓடேன்டா” என்று கத்துவார்கள். நான் கத்துவதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் பக்கம் கடல் உள்வாங்கி, அதுவரை பார்க்காத பாறையெல்லாம் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் இறங்கிப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் மட்டுமில்லை, பரம்பரையாகக் கடலில் தொழில் செய்கிற பெரியவர்களும்தான். கடல் பின்னால் போனால் திரும்பி வரும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை, அவர்கள் தாத்தாக்களும் பார்த்ததில்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்ததே 2007ல்தான். முட்டாள்தனம் என்று சொல்வதற்கு முன்னால், அவனுக்கு அப்போது என்ன தெரியும் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

சாவிக்கொத்து:

நான் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி வெளிநாட்டில். ஷூட்டிங்குக்கு விடுவோம், சுற்றிப் பார்க்கவும் ஆட்கள் வருவார்கள். சந்திரமுகி (2005) பார்த்துவிட்டு, “அத்தனை பேர் சொல்லியும் அந்தக் கங்கா ஏன் பூட்டிய அறைக் கதவைத் திறந்தாள்?” என்று கேட்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வந்து பார்க்கணும்.

வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு அறை பூட்டியே இருக்கும். உள்ளே கால் உடைந்த கட்டில்கள், பித்தளை அண்டா, கல்யாணத்துக்கு எடுக்கும் ஜமக்காளம். வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் வருகிறவர்கள் முகப்பில் பர்மா தேக்குத் தூணைப் பார்ப்பார்கள், பளபளப்புச் சுவரைத் தடவுவார்கள், கடைசியில் அந்தக் கதவு முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். பூட்டை இழுத்துப் பார்க்காதவர் குறைவு. குடும்பத்தோடு வந்த ஒரு ஐயா, நல்ல வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சாவித்துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அப்படியே குனிந்து நிற்கிறார். பேத்தி பயந்துபோய் அழுகிறது. “என்ன தெரியுது தாத்தா?” “இருட்டா இருக்கும்மா.” எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

‘உள்ளே வரக்கூடாது’ என்று எழுதி ஒட்டினோம். கூட்டம் அதிகமாகிவிட்டது. எழுதியதைக் கிழித்துவிட்டு ‘ஸ்டோர் ரூம்’ என்று ஒட்டினேன், இப்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சந்திரமுகி வீட்டிலும் ‘போகாதே, போகாதே’ என்று மிரட்டினார்கள். திறக்காமல் என்ன செய்வாள்?

முன்பதிவு செய்தவன்:

இதயம் (1991). முரளி அந்தக் கடைசி வரைக்கும் காதலைச் சொல்லவே மாட்டார். சொல்லக்கூடிய நேரம் வரும்போது, சொன்னால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிடுவார். எங்கள் சின்ன மாமா அந்தப் படத்தைத் திட்டிக்கொண்டே பார்ப்பார், அத்தனை கோபம். அவருடைய கதையை அம்மா சொல்லித்தான் தெரியும். நாலு வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்த பெண்ணின் கல்யாணத்தில், சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று பந்தி பரிமாறியிருக்கிறார் மனுஷன். ஏன் மாமா சொல்லவில்லை என்று கேட்டால், “அவ அண்ணன் நம்ம ஃப்ரெண்டுடா” என்கிறார்.

கிளாப் போர்டு:

உதவி இயக்குநராகச் சில படங்களில் இருந்தவன். கதை விவாதத்தில் ‘அவன் ஏன் போலீஸுக்குப் போகல?’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். உடனே ஒருத்தர் இன்ஸ்பெக்டரை வில்லன் ஆளாக்குவார், இன்னொருத்தர் போனில் சார்ஜ் இல்லை என்பார். செல்போன் வந்து எங்கள் பிழைப்பையே கெடுத்துவிட்டது சார். காதல் கோட்டை (1996) ஜோடி முகமே பார்க்காமல் கடிதத்தில் காதலித்தது. இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் டி.பி. போதும், இடைவேளைக்கு முன்பே படம் முடிந்துவிடும்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஆள் பயந்திருக்கிறான், வெட்கப்படுகிறான், ஆசைப்படுகிறான் என்பதை முன்னாலேயே காட்டிவிட்டால் எந்தக் கிறுக்குத்தனத்தையும் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள். ரோஸ் குதித்தபோது தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லையே. காட்டாமல் செய்தால் மாட்டிக்கொள்வோம். பிராமிதியஸ் (2012) படத்தில் வேற்றுக்கிரகத்துக்குப் போன உயிரியல் விஞ்ஞானி, செத்த உடம்பைப் பார்த்துப் பயந்து ஓடுகிறார். கொஞ்ச நேரத்தில் பாம்பு மாதிரி ஏதோ ஒன்று படமெடுத்து நிற்க, அதைச் செல்லம் கொஞ்சக் கையை நீட்டுகிறார். எந்த ஊரிலாவது இப்படி நடக்குமா?

நைட் டியூட்டி:

உரச்சாக்கில் பாம்போடு வந்தவரை நான் பார்த்தாயிற்று தம்பி. அந்த விஞ்ஞானியை நான் நம்புகிறேன்.

கருப்புக் கோட்டு:

வக்கீலாக இருப்பதால் எனக்குப் பிடிக்காத காட்சி ஒன்றுதான். பிணத்தில் இருக்கும் கத்தியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் கதாநாயகன். சரியாக அப்போது கதவு திறக்கும். அவன் விளக்கம் சொல்லாமல் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுவான்.

என்னிடம் வந்த ஒருவர் கதையைக் கேளுங்கள், அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ராத்திரி காரில் வருகிறார். வழியில் பைக்கோடு விழுந்து கிடக்கிறான் ஒருவன், தானாகவே விழுந்தவன். இவர் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அதுவரை கதாநாயகன்தான். பதிவேட்டில் பெயர் கேட்டார்கள். பயத்தில் பொய்ப் பெயர், பொய் நம்பர் கொடுத்துவிட்டு நழுவிவிட்டார். கேமராவில் கார் நம்பர் விழுந்திருக்கிறது. பின்சீட்டில் ரத்தம், கொடுத்த பெயர் பொய். போலீஸ்காரர் என்ன நினைப்பார்? இடித்தவனே கொண்டுவந்து போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றுதானே நினைப்பார். விழுந்தவனுக்கு நினைவு திரும்பி நடந்ததைச் சொன்ன பிறகுதான் இவருக்கு மூச்சு வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரே சொல்லியிருக்க வேண்டியதில்லை. உதவி செய்கிறவரைத் தொல்லை செய்யக்கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு 2016ல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவு சேர்த்தார்கள். பெயர், விலாசம் சொல் என்று கட்டாயப்படுத்த முடியாது. “சொல்ல விருப்பமில்லை” என்று நேராகவே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இது தெரியாததால்தான் நிறையப் பேர் காரை நிறுத்தாமலே போய்விடுகிறார்கள்.

கிளாப் போர்டு:

சார், இதைக் கதை பண்ணலாமா?

கருப்புக் கோட்டு:

பண்ணுங்க தம்பி. காரை மட்டும் வெள்ளைக் கலரில் வைக்காதீங்க. அவர் படத்தைப் பார்த்தால் மறுபடி ஃபைலைத் தூக்கிக்கொண்டு என் ஆபீஸுக்கு வந்துவிடுவார்.