பழைய டெஸ்க்டாப்பை மாற்ற வேண்டும், யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, வீட்டில் இருப்பது 4ஆம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம். குரோமில் நாலு டேப் திறந்தாலே மூச்சு வாங்குகிறது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. 11 இதில் முறைப்படி ஏறாது.

பட்ஜெட் 30,000 ரூபாய். டேலியில் கணக்கு, மகளின் ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் போட்டோஷாப், அவ்வளவுதான். கேம் கிடையாது. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசர் எடுத்தால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்பதால் மனசு அதன் பக்கம்தான். அது பொருந்தும் ஏஎம்4 பழைய சாக்கெட்தான், தெரியும். ஆனால் புதிய ஏஎம்5 என்றால் டிடிஆர்5 ரேம்தான் போட வேண்டும், அதன் விலை மிரட்டுகிறது.

மானிட்டரில் பழைய விஜிஏ போர்ட் மட்டுமே இருக்கிறது. அந்தப் போர்ட்டோடு வரும் நல்ல ஏ520 மதர்போர்டு எது? கேபினெட்டோடு வந்த பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே (பவர் சப்ளை) போடலாமா? அப்புறம், சென்னை ரிச்சி தெருவில் சமீபத்தில் வாங்கியவர்கள் பில், வாரண்டியோடு என்ன விலைக்குக் கிடைத்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.