யாரும் சொல்லாத நல்ல படங்கள்: உங்களுக்கு எப்படிக் கிடைத்தன?

தக்கலை வாசகி:

நல்ல படமாக ஒன்று சொல்லு என்று யாராவது கேட்டால் நான் நடிகர் பெயரையோ ஸ்டாரையோ பார்ப்பதில்லை. டைட்டிலில் ‘கதை’ என்று போட்டு யார் பெயர் வருகிறது என்று பார்ப்பேன். புத்தகத்திலிருந்து வந்த படமெல்லாம் நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடாமல் போய், பேச ஆளில்லாமல் கிடக்கும் நல்ல படங்கள் எனக்குப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தன. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது ரொம்பவே கைக்கெட்டிய வழி. தடுக்கி விழுந்தால் எழுத்தாளர் வீடு இருக்கிற ஊர் இது. நம்ம ஊர்க் கதை படமாக வந்தபோது நம்ம ஆட்களே பார்க்காமல் விட்டார்கள் என்பதுதான் எனக்குத் தீராத ஆதங்கம்.

முதலில் ‘ஒழிமுறி’. 2012இல் வந்த மலையாளப் படம். மதுபால் இயக்கியது. எழுதியவர் ஜெயமோகன். ஒழிமுறி என்றால் விவாகரத்து. ஐம்பத்தைந்து வயது மீனாட்சிப் பிள்ளை, எழுபது தாண்டிய கணவர் தாணுப் பிள்ளை வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போகிறாள். இந்த வயதில் எதற்கு என்று ஊரே கேட்கிறது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படம் பின்னால் போகிறது, மருமக்கத்தாயக் காலத்துக்கு, அதாவது சொத்து தாய்வழியில் போன மருமக்கள்வழிக் காலத்துக்கு. தாணுப் பிள்ளையின் அம்மா காளிப் பிள்ளையாக ஸ்வேதா மேனன். ஆண்களை நிறுத்தி வைத்துப் பேசுகிற பெண். அந்த அம்மாவைப் பார்த்துப் பயந்தே வளர்ந்த மகன், தன் மனைவியை அடக்கி வைப்பதிலேயே ஆயுளைக் கழித்துவிடுகிறான். அப்பா, மகன் என்று இரண்டு வேடத்திலும் லால். அந்த நடிப்புக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அதற்குப் பிறகும் நம்ம பக்கம் பெரிதாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

இதை நான் லேப்டாப்பில் போட்டுப் பெரியம்மாவோடு பார்த்தேன். அவளுக்கு மலையாளம் அத்துப்படி, சப்டைட்டில் தேவையில்லை. காளிப் பிள்ளை வந்த கொஞ்ச நேரத்திலேயே “நிறுத்து மக்கா” என்றாள். பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். இல்லை, அவளுக்குச் சொல்ல வேண்டியது இருந்தது. அந்தக் காலத்தில் சில வீடுகளில் புருஷன் வேண்டாமென்றால் அவன் வெற்றிலைச் செல்லத்தை எடுத்துத் திண்ணையில் வைத்துவிடுவார்களாம். ராத்திரி வருகிறவன் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போய்விட வேண்டியதுதானாம். அவளுடைய பாட்டி சொன்னது. “இது நம்ம கதையில்லா!” என்று சொல்லிவிட்டு மறுபடி போடச் சொன்னாள். அன்று படம் முடிய நள்ளிரவு ஆகிவிட்டது. நாலு காட்சிக்கு ஒரு தடவை நிறுத்தினால் ஆகாதா? எங்கள் குடும்பத்தைப் பற்றி அதுவரை கேட்டிராத நிறைய விஷயங்களை அன்றுதான் கேட்டேன்.

கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ படித்தவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பாருங்கள். மருமக்கள்வழி ஒரு பெண்ணை எப்படிப் படுத்தியது என்று கவிமணி சொல்வார். அந்த முறை போனபோது பெண்கள் எதை இழந்தார்கள் என்று படம் கேட்கிறது. இரண்டுமே நம்ம மண்ணிலிருந்து வந்தவை.

மார்த்தாண்டம்காரன்:

அக்கா சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். புத்தகம் இல்லாமலும் அப்படிப்பட்ட படம் வருகிறது. எனக்கு வழி திருவனந்தபுரம். அங்கே டிசம்பரில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு டெலிகேட் பாஸ் எடுத்துவிட்டுக் களியக்காவிளை வழியாக பஸ் ஏறினால் தம்பானூர் வந்துவிடும். அங்கே போனால் தியேட்டர் வரிசையில் நிற்கிறவர்கள்தான் நமக்கு வழிகாட்டி. எந்தப் படத்துக்குக் காலையிலேயே கூட்டம் நிற்கிறது, எதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் டீ குடிக்கக்கூடப் போகாமல் நின்று பேசுகிறார்கள் என்று கவனித்தாலே போதும்.

அப்படிக் காதில் விழுந்த பெயர்தான் ‘கூழாங்கல்’. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும் இதைத்தான். தமிழ்நாட்டில் சாதாரண ஆட்கள் பார்க்கக் கிடைத்தது 2023இல், அதுவும் சோனிலிவில். தன் அக்காவை அவள் புருஷன் வீட்டைவிட்டு விரட்டியபோது அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தாள், அதிலிருந்துதான் படம் பிறந்தது என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். படத்தில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்: குடிகாரத் தகப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து ஓர் இடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே நிறையக் கற்கள் கிடக்கின்றன. அந்த ஒரு ஷாட்டுக்குப் பிறகு இன்னொரு வசனம் எதற்கு?

குளம், கால்வாய், வருடத்தில் இரண்டு மழை என்று வளர்ந்தவன் நான். ஒரு குடம் தண்ணீருக்காகப் பெண்கள் குழிக்குள் இறங்கிக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கடைசிக் காட்சி என்னை விடவே இல்லை. படம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் செல்போனில் பார்க்காதீர்கள், தயவுசெய்து. கொஞ்சம் பெரிய திரையாக இருக்கட்டும், சத்தம் சரியாகக் கேட்கட்டும்.

குளச்சல்:

எனக்கு ‘பூ’. 2008, சசி இயக்கியது. பார்வதி மாரியாக நடித்திருப்பார். ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்ற சின்னச் சிறுகதையிலிருந்து எடுத்தது. அதனால் தக்கலை அக்கா கட்சிக்கு இன்னொரு ஓட்டு. தனக்குக் கிடைக்காத தங்கராசு வேறொருத்தியோடு சந்தோஷமாக இல்லை என்று தெரிந்ததும் மாரி உடைந்து அழுகிறாள். தனக்குக் கிடைக்கவில்லை என்று அழாதவள், அவன் நன்றாக இல்லை என்று அழுகிறாள். நானும் எங்கள் மாமியும் டிவியில் எதேச்சையாகப் பார்த்தோம். மாமி ரொம்ப நேரம் பேசவே இல்லை. இதுதான் என் அனுபவம், இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நாஞ்சில் நாடனை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அவருடைய முதல் நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’, 1977. அதைத்தான் தங்கர் பச்சான் 2002இல் ‘சொல்ல மறந்த கதை’ என்று எடுத்தார். சேரன் கதாநாயகனாக நடித்த முதல் படம். வசதியில்லாத வீட்டுப் படித்த பையன், வேலை வாங்கித் தருகிறோம் என்ற பேச்சை நம்பிப் பணக்கார வீட்டில் பெண் எடுக்கிறான், அப்புறம் அந்த வீட்டில் தன்மானத்தோடு உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன முடியாமல் தவிக்கிறான்.

நாவல் நம்ம வயலும் ஆறும் தெருவுமாக இருக்கும். படம் தங்கர் பச்சானின் வட்டாரத்துக்குப் போய்விட்டது. இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இடம் மாறியும் அந்த அவமானம் மாறாமல் வந்திருக்கிறது, அது பெரிய காரியம். மாமனார் முன்னால் மருமகன் நிற்கும் இடங்களைப் பாருங்கள். பெண் வீட்டுக் காசில் படித்தவர்கள், வேலைக்குச் சேர்ந்தவர்கள் நம்ம பக்கத்தில் எத்தனை பேர்? என்னிடம் படித்த ஒரு பையனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது இந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து, “சார், அவங்க தாறேன்னு சொன்னதை வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றான். கல்யாணம் அதே பெண்ணோடுதான் நடந்தது.

தக்கலை வாசகி:

சார், அந்தப் பையனைப் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மார்த்தாண்டம் தம்பி சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன், இந்த டிசம்பரில் பாஸ் எடுக்கும்போது எனக்கும் சொல்லுங்கள்.

இன்னொரு படம் இருக்கிறது. இரணியல் தெருவை வைத்து நீல பத்மநாபன் எழுதிய ‘தலைமுறைகள்’ நாவலை வ. கௌதமன் 2010இல் ‘மகிழ்ச்சி’ என்று படமாக எடுத்து அவரே நடித்தும் இருந்தார். கட்டிக்கொடுத்த அக்காவை, அவள் பெண்ணே இல்லை என்று பொய்ப்பழி சொல்லிப் புருஷன் திருப்பி அனுப்பிவிடுகிறான், தம்பி அவளுக்காகப் போராடுகிறான். நாவலை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். நல்ல பிரதியில் படத்தை முழுசாகப் பார்க்க இன்னும் வழி கிடைக்கவில்லை. தியேட்டரில் பார்த்தவர்கள், அதிலும் இரணியல் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்த அக்கா நாகுவை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவிடும் இடத்தைப் படத்தில் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.