நெட்டை வெட்டினால் இந்தப் பழக்கம் நிற்குமா?

மத்திய வீதி போன் கடை:
திருகோணமலை டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன், அதனால் இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. ஆபாச வீடியோ, காசு கட்டிப் பார்க்கும் வீடியோ கால், முகம் தெரியாத ஆட்களோடு விடிய விடிய அந்த மாதிரிச் சாட்டிங், இதெல்லாம் தனி நோய் கிடையாது, நெட் அடிமைத்தனத்தின் ஒரு கிளைதான் என்பது என் கட்சி. கடைக்கு வருகிறவர்களில் சிலர், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, ‘அண்ணன், அந்த மாதிரி சைட் ஒன்றும் வராமல் பூட்டித் தாங்க, பாஸ்வேர்டை நீங்களே போடுங்க, எனக்குச் சொல்லவே வேண்டாம்’ என்பார்கள். எல்லாரும் கல்யாணம் கட்டிய, தொழில் உள்ள ஆட்கள். பூட்டிக் கொடுத்தால் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அதே ஆள் அந்த வாரமே திரும்பி வந்து ‘பேங்க் ஆப் வேலை செய்யுதில்லை, அந்தப் பூட்டை ஒருக்கா எடுத்து விடுங்க’ என்று நிற்பார். பேங்க் ஆப்புக்கும் அந்தப் பூட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன் இல்லாத காலத்தில் இவர்கள் ஒழுங்காகத்தானே இருந்தார்கள்? அமெரிக்காவில் கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் 1996லேயே, சூதாட்ட அடிமைகளுக்கான அளவுகோலைத் திருத்தி எட்டுக் கேள்விகள் போட்டு, நெட்டுக்கும் மனிதன் அடிமையாவான் என்று காட்டினார். இணைய வழிப் பாலியல் அடிமைத்தனத்தை அதன் ஒரு வகையாகத்தான் அவர் வைத்தார். ஆகவே டேட்டாவை நிறுத்து, பட்டன் போனைக் கையில் கொடு, அவ்வளவுதான் வைத்தியம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

உவர்மலை மிஸ்ஸி:
மாற்றுக் கருத்து இருக்கிறது. நான் தாதி, மனநல வார்டில் வேலை செய்தவள். நீங்கள் சொல்கிற 1996க்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது தம்பி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு ஐசிடி-11, 2019ல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘நெட் அடிமைத்தனம்’ என்று பொதுவாக ஒரு நோயே கிடையாது. கேம் அடிமைத்தனம் இருக்கிறது, அது போதை, சூது வரிசையில் இருக்கிறது. கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை என்று தனியாக ஒன்று இருக்கிறது, ஆனால் அதைப் போதை வரிசையில் வைக்காமல் உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்திருக்கிறார்கள். அதற்கு போன் வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

இன்னொன்று. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற சில மாத்திரைகள், மூளையில் இருக்கிற டோபமின் என்ற இரசாயனத்தைப் போல வேலை செய்கிறவை, சிலருக்கு இதே மாதிரி அடங்காத பாலியல் உந்துதலைக் கொண்டு வரும். வாழ்நாள் முழுக்க மரியாதையாக இருந்த வயசாளிகள், நெட் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். அந்த ஐயாவுக்கு எந்த டேட்டாவை வெட்டப் போகிறீர்கள்? மார்க் கிரிஃபித்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பல வருஷமாகச் சொல்லி வருகிறார், நெட்டுக்கு அடிமையாவது வேறு, நெட்டில் இருந்துகொண்டு வேறொன்றுக்கு அடிமையாவது வேறு என்று. தவறணைக்குப் போகிற ரோட்டைத் தோண்டிப் போட்டால் குடி நின்றுவிடுமா?

மத்திய வீதி போன் கடை:
நின்றுவிடாது மிஸ்ஸி, ஆனால் பாதிப் பேர் போக மாட்டான். நடுச்சாமத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய், தெரிந்தவன் கண்ணில் பட்டு, திரும்பி வந்து மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் எத்தனை பேர் எழும்பிப் போவான்? இப்போது தவறணை தலையணைக்குக் கீழே இருக்கிறது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஆல் கூப்பர் என்ற ஆய்வாளர் 1998லேயே இணையத்தில் இது பெருகுவதற்கு மூன்று காரணம் காட்டினார்: எந்த நேரமும் கிடைக்கும், செலவு குறைவு, ஆள் யாரென்று தெரியாது. மூன்றும் நெட்டின் குணம், மனிதனின் குணம் இல்லை. அப்புறம், மாத்திரை குடித்த ஐயாவைப் பற்றி நான் பேசவில்லை, என் கடைக்கு வருகிற நாற்பது வயசுக்காரனைப் பற்றிப் பேசுகிறேன். மூளையே மாறிப்போகிறது என்று ஜெர்மனியில் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உவர்மலை மிஸ்ஸி:
அந்த ஆய்வு 2014ல் வந்தது, 64 ஆண்களை எடுத்துப் பார்த்தார்கள். வாரத்தில் அதிக நேரம் ஆபாசம் பார்க்கிறவர்களுக்கு மூளையின் ஒரு பகுதியில் சாம்பல் நிறப் பொருள் குறைவாக இருந்தது, அது உண்மை. ஆனால் பார்த்ததால் குறைந்ததா, முதலிலேயே குறைவாக இருந்ததால் அதிகம் பார்க்கிறார்களா என்று அந்த ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. ‘மூளை சுருங்கிவிட்டது’ என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடிய ஆய்வு வேறொன்று. அதே வருஷம் கேம்பிரிட்ஜில் வலரி வூன் குழு இந்தப் பிரச்சினை உள்ள 19 ஆண்களையும் இல்லாத 19 பேரையும் ஒப்பிட்டது. காட்சியைக் கண்டதும் போதைக்காரர்களுக்கு வேலை செய்கிற அதே பகுதிகள் இவர்களுக்கும் கூடுதலாக வேலை செய்தன. ஆனால் அதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், ‘வேண்டும்’ என்ற தவிப்பு கூடியிருந்தது, ‘பிடிக்கிறது’ என்பது அந்த அளவுக்குக் கூடவில்லை. பிடிக்காமலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! சின்ன ஆய்வுதான், அதை வைத்துக் கோயில் கட்ட முடியாது. ஆனால் வார்டில் நான் கேட்ட கதைகளோடு பொருந்துகிறது.

கிண்ணியாக்காரன்:
மிஸ்ஸி, அண்ணன், ரெண்டு பேருக்கும் ஸலாம். நீங்கள் மூளை, மாத்திரை, ஸ்கேன் என்று பேசுகிறீர்கள், ஒருவர்கூட இது பாவம் என்று சொல்லவில்லை. பார்வையைத் தாழ்த்தச் சொல்லி எங்களுக்குக் கட்டளை இருக்கிறது, உங்கள் சமயங்களிலும் இருக்கும். மனசு குத்துகிறது பாருங்கள், அந்தக் குத்தல்தான் மனிதனைப் பிடித்து நிறுத்துகிறது. அதையும் நோய் என்று மாத்திரை கொடுத்து அமர்த்திவிட்டால் பிறகு எதுதான் நிறுத்தும்? நோய் என்று பெயர் வைத்தால் செய்கிறவனுக்கு நல்ல சாட்டுக் கிடைத்தது.

உவர்மலை மிஸ்ஸி:
வஅலைக்கும் ஸலாம். குத்தலை நோய் என்று யாரும் சொல்லவில்லை. ஐசிடி-11 அதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது: ‘நான் செய்வது தப்பு’ என்ற ஒழுக்கக் கவலை மட்டும்தான் ஒருவருடைய வேதனைக்குக் காரணம் என்றால் அவருக்கு இந்த நோய் என்று சொல்லக் கூடாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ, விட முயன்று முயன்று தோற்று, வேலை, உடம்பு, குடும்பம் எல்லாம் பின்னுக்குப் போய், இன்பமே வராதபோதும் தொடர்ந்தால்தான் அந்தப் பெயர். ஜோசுவா கிரப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டியதும் இதை ஒட்டித்தான். பக்தி அதிகம் உள்ளவர்கள், கொஞ்சமாகப் பார்த்தாலும், தங்களை அடிமை என்று நம்பிவிடுகிறார்கள். மாதத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கிறவரும் உண்டு, தினமும் ஐந்து மணி நேரம் பார்த்துவிட்டு ‘எனக்கென்ன பிரச்சினை’ என்கிறவரும் உண்டு. ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குத்தல் வந்தவுடன் அந்த ஆள் யாரிடம் போகிறார்? வெட்கத்தில் யாரிடமும் போவதில்லை. தனியாகக் கிடந்து புழுங்கி, அந்தப் புழுக்கம் தாங்காமல் திரும்ப அதே போனைத்தான் எடுக்கிறார்.

கிண்ணியாக்காரன்:
எங்கள் ஊரில் பள்ளிவாசலுக்குப் போகிறார், தௌபா செய்து பாவமன்னிப்புக் கேட்கிறார், விட்டும் விடுகிறார். நான் கண்டிருக்கிறேன். விட்டவர்கள் உங்கள் வார்டுக்கு வர மாட்டார்கள் மிஸ்ஸி, அதனால் உங்கள் கணக்கில் அவர்கள் இல்லை. இதைக் கோபமாகச் சொல்லவில்லை.

உவர்மலை மிஸ்ஸி:
அது நியாயமான பேச்சு. வராதவர்களைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

நிலாவெளி நைட் ஷிஃப்ட்:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் எல்லாரும் பேசுகிற அந்த ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷனில் இரவு வேலை. போன் கடை அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஹோட்டல் வைஃபை வருஷம் முழுக்க ஒரே வேகம்தான், என் போனும் ஒரே போன்தான். சீசன் நேரம், மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும், புறாத் தீவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் விடியற்காலையில் போட் கேட்டு எழுப்புவார்கள், இரவில் ஏசி வேலை செய்யவில்லை என்று கூப்பிடுவார்கள், எனக்கு அந்த நினைப்பே வராது. வந்தாலும் போய்விடும். நவம்பரில் மழை தொடங்கி, கடல் இரைந்து, ஹோட்டலில் ஒரு அறையில்கூட வெளிச்சம் இல்லாமல் நான் மட்டும் கவுண்டரில் இருக்கிற மாதங்களில்தான் எல்லாம். பத்து டேப் திறந்திருக்கும். ஒன்றையும் முழுசாகப் பார்ப்பதில்லை, இதைவிட நல்லது அடுத்ததில் இருக்கும் என்று தேடிக்கொண்டே இருப்பேன், நிமிர்ந்து பார்த்தால் பாங்கு சொல்லும். மிஸ்ஸி சொன்ன மாதிரி பிடித்துப் பார்ப்பதில்லை, அது நூறு வீதம் உண்மை. நெட்தான் காரணம் என்றால் சீசனில் ஏன் வரவில்லை?

ஆனால் மிஸ்ஸி, உங்கள் கட்சியும் எனக்கு முழுசாகப் பொருந்தவில்லை. அது எனக்குள்ளே இருக்கிற கோளாறு என்றால் சீசனிலும் இருக்க வேண்டும். பட்டன் போனும் பாவித்துப் பார்த்தேன். கவுண்டரில் புக்கிங் பார்க்கிற கம்ப்யூட்டர் இருக்கிறது, முடிந்தது கதை.

மத்திய வீதி போன் கடை:
தம்பி, அதைத்தானே நானும் சொல்கிறேன், கம்ப்யூட்டர் இருந்ததால்தானே போனாய்? சும்மா இருந்த நேரமும் நெட்டும் சேர்ந்தால்தான் நெருப்பு. மழைக்காலத்தை என்னால் நிறுத்த முடியாது, நெட்டை நிறுத்தலாம்.

உவர்மலை மிஸ்ஸி:
சேர்ந்தால்தான் என்கிறீர்களே, அப்படியென்றால் நெட் மட்டும் காரணம் என்ற முதல் பேச்சு போய்விட்டது. தனிமை, சலிப்பு, கவலை, தூக்கமின்மை, இதிலிருந்து ஓடித் தப்ப ஒரு வழி, அந்த வழி எந்த நேரமும் திறந்து கிடப்பது. நைட் ஷிஃப்ட் தம்பி சொன்ன கதையில் இது அத்தனையும் இருக்கிறது. மனச்சோர்வு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அதைக் கவனிக்காமல் போனைப் பிடுங்கினால் அது வேறு எங்காவது போய் வெடிக்கும். இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை போகிறது என்று தானே எழுதிப் பார்த்து, அந்த இடத்தை மாற்றப் பழகும் பேச்சு வழிச் சிகிச்சைதான் முதலில். அதோடு சேர்த்துப் பூட்டும் போடலாம், நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

பெயர் போடவில்லை:
நான் பெண். உங்கள் சண்டையில் மனைவி என்ற ஒருத்தி எங்கேயுமே இல்லை, அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு இது இருந்தது. வீடியோ காலில் யாரோ ஒரு பொம்பிளை, இவர் உடுப்பைக் கழற்றியதை ரெக்கோர்ட் பண்ணி, பேஸ்புக் நண்பர்கள் பட்டியலைக் காட்டி, ‘காசு போடு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் போகும்’ என்று மிரட்டினார்கள். போட்டார். திரும்பக் கேட்டார்கள், திரும்பப் போட்டார். என் காப்பு அடகில் இருக்கிறது என்று வட்டி கட்டச் சொல்லி வந்த கடிதத்தில்தான் எனக்கே தெரிய வந்தது. அது பாவமா நோயா நெட்டா என்று எனக்குக் கவலையில்லை. பொய் சொன்னார், அதுதான் எனக்கு. மிஸ்ஸி, நோய் என்று டொக்டர் சொன்னால் நான் மன்னித்தே ஆக வேண்டுமா? வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உவர்மலை மிஸ்ஸி:
இல்லை தங்கச்சி. சிகிச்சைக்குப் போவது அவருடைய வேலை, மன்னிப்பது உங்கள் விருப்பம், ரெண்டையும் யாரும் முடிச்சுப் போடக் கூடாது. காப்பை மீட்டுத் தருவதும் அவர் பொறுப்புத்தான்.

மிரட்டலைப் பற்றி மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். காசு போட்டால் நிற்காது, போடுகிற ஆள் என்று தெரிந்துகொண்டு இன்னும் கேட்பார்கள். சாட், நம்பர், காசு போட்ட துண்டு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுப் பிளொக் பண்ணி, பொலிஸில் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கு முறைப்பாடு கொடுங்கள்.

கிண்ணியாக்காரன்:
தங்கச்சி சொன்னதைக் கேட்ட பிறகு ஒன்று சொல்கிறேன், என் கட்சியை விட்டுக் கொடுத்து இல்லை. பாவம் என்று நான் சொன்னதில் அடுத்தவருடைய ஹக்கும், அதாவது அவருக்குச் சேர வேண்டிய உரிமையும் அடங்கும். அல்லாஹ்விடம் தௌபா கேட்டால் காப்பு திரும்பி வராது, அதை அந்த மனிதன்தான் கொடுக்க வேண்டும். இதை எந்த ஸ்கேனும் சொல்லித் தராது.

நிலாவெளி நைட் ஷிஃப்ட்:
மிஸ்ஸி, ஒரே ஒரு கேள்வி. திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போகலாம் என்றுதான் யோசிக்கிறேன். பிரச்சினை என்னவென்றால் அங்கே வேலை செய்கிறவர்களில் என் மச்சான் ஒருவன் இருக்கிறான். அவன் கண்ணில் பட்டால் பின்னேரத்துக்குள் உப்புவெளி வரைக்கும் கதை வந்துவிடும்.

உவர்மலை மிஸ்ஸி:
தூக்கம் வரவில்லை என்று சொல்லிப் போங்கள், நைட் ஷிஃப்ட்காரருக்கு அது பொய்யும் இல்லை. மிச்சத்தை அறைக்குள்ளே டொக்டரிடம் மட்டும் சொன்னால் போதும். அதுவும் சங்கடம் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலை பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பலாம். முதலில் யாரிடமாவது கதைத்துப் பார்க்க வேண்டும் என்றால் 1926 எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் லைன், 24 மணி நேரமும் இருக்கும். உங்கள் ஷிஃப்டுக்கு அதுதான் வசதி.

மத்திய வீதி போன் கடை:
தம்பி, போய்விட்டு வா. அதுக்கு முதல் ஒரு நாள் கடைக்கும் வா, அந்தக் கவுண்டர் கம்ப்யூட்டரில் என்ன போடலாம் என்று சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம். மிஸ்ஸி, நெட்தான் முதல் குற்றவாளி என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை.