ஆச்சியின் காதும் அத்தையின் படமும்

எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, பாரிஸில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து படம் வரைந்தவள். வீரவநல்லூரில் எங்கள் தெருவில் அவளுக்குப் பேர் 'படம் போடுத பிள்ளை'. தலை நரைத்து வந்தபோதும் அதே பேர்தான்.

1960களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தாள். கே.சி.எஸ். பணிக்கர் அங்கே முதல்வராக இருந்த காலம். பெண்ணைத் தனியாக அனுப்பத் தாத்தாவுக்குச் சம்மதமில்லை, பணமும் தரவில்லை. ஆச்சி தன் பாம்படத்தைக் கழற்றி விற்றாள். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் காது வளர்த்துப் போட்டிருந்தார்களே, அதுதான். நகை போனாலும் வளர்த்த காது தொங்கியபடியேதான் இருக்கும். சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொள்வது ஆச்சிக்குப் பழக்கமாகிவிட்டது.

அத்தை ஊருக்கு வந்தால் முதல் வேலை எங்களைத் திருப்புடைமருதூருக்குக் கூட்டிப் போவது. நாறும்பூநாதரைக் கும்பிட்டுவிட்டு, அனுமதி கேட்டுக் கோபுரத்துக்குள் ஏறுவோம். ஐந்து நிலையிலும் சுவர் முழுக்க ஓவியம். ஒரே இருட்டு, வௌவால் நாற்றம். டார்ச் வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் போர்வீரர்கள் எழுந்து வருவார்கள். கப்பலில் குதிரைகள் வரும் காட்சியின் முன்னால் அத்தை நின்றால் நகரவே மாட்டாள். "ஏல, அந்தக் கோட்டைப் பாரு. ஒரே இழுப்பு. எங்கயாவது கை நடுங்கியிருக்கா?" என்பாள். ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் கற்றுக்கொண்டது அந்த இருட்டில்தான்.

ஒரு வருகையின்போது ஆச்சியைப் பத்தமடைப் பாயில் உட்காரவைத்து வரைந்தாள். தலைப்பை விலக்கச் சொல்லி, தொங்கும் வெறுங்காதுகளை அப்படியே போட்டிருந்தாள். ஆச்சி பார்த்துவிட்டு, "ஏளா, காது மூளியால்லா இருக்கு. பாம்படத்தப் போட்டுடு" என்றாள்.

"அத வித்துத்தானம்மா நான் படிச்சேன். இல்லாதத எப்படிப் போட?"

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அத்தையும் பிடிவாதத்தை விடவில்லை. அவளை எவ்வளவு பிடிக்குமோ, அவ்வளவு கோபம் எனக்கு அன்று வந்தது. இன்னும் அது போகவில்லை. ஆச்சி கேட்டது துளி மஞ்சள், அவ்வளவுதானே.

ஆச்சி இறந்தபோது அத்தையால் உடனே வர முடியவில்லை. பதினாறு கழிந்துதான் வந்தாள். நேரே மச்சுக்குப் போய்ப் படத்தைத் திருப்பி வைத்து, இரண்டு காதிலும் பாம்படம் வரைந்தாள். பொழுது சாயும் வரை வரைந்தாள். சாப்பிடக் கூப்பிட யாரும் மேலே போகவில்லை.

படம் இப்போது பாளையங்கோட்டையில் என் வீட்டில் இருக்கிறது. மற்ற வண்ணமெல்லாம் மங்கிவிட்டது. அந்த மஞ்சள் மட்டும் ஒட்டாமல் தனியாகத் தெரியும். விவரம் தெரிந்த ஒருவர் அதைச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.