வாப்பாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா: என்ன செய்வது?

கரையோரத்தான்:
அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா (தகப்பனார்) மவுத்தாகி இன்றோடு 29 நாள். ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை. பரம்பரையாக ஷாஃபி மத்ஹபு (ஷாஃபி இமாமின் சட்ட வழி).

நாற்பதுக்குக் காக்கா (அண்ணன்) இப்போதே பட்டியல் போட்டுவிட்டார். 300 பேருக்கு நெய்ச்சோறு, கறி, தால்ச்சா. மதரஸாப் பிள்ளைகளை வைத்து ஒரு கத்தம் (முழுக் குர்ஆன் ஓதல்), அப்புறம் யாசீன் அத்தியாயம், ஃபாத்திஹா. கணக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வருகிறது, அதில் பாதி என் தலையில். பணம் ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் நடுக்கூடத்தில் பாய் விரித்து குர்ஆனின் முப்பது ஜுஸ்வையும் (பாகங்களையும்) பிரித்துக் கொடுத்தார்கள். என் பக்கத்தில் ஒரு பையன், பத்து வயதிருக்கும். முணுமுணுவென்று ஓதிக்கொண்டே இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினான். நான் கவனித்ததைக் கண்டதும் ஒன்றைத் திருப்பி வைத்தான். கண்ணெல்லாம் அடுப்படிப் பக்கம். அவனைக் குறை சொல்லவில்லை, பசி நேரம். ஆனால் அந்த ஓதலைத்தான் வாப்பாவுக்குச் சேர்த்துவை என்று எல்லோரும் கையேந்தினோம்.

செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பது காக்காவின் கவலை. இத்தாவில் (கணவனை இழந்தவரின் காத்திருப்புக் காலத்தில்) இருக்கும் உம்மா கேட்பது வேறு: "வாப்பாவுக்கு வேற என்னத்தத்தான் நாம அனுப்பப் போறோம்?" இதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. பித்அத் (மார்க்கத்தில் புதிதாக நுழைத்தது) என்று ஒற்றைச் சொல்லில் வீட்டை இரண்டாக்கவும் மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்வழி_86:
இதில் கேட்க என்ன இருக்கிறது சகோ? நம்முடைய மார்க்கத்தில் இல்லாததை யார் புதிதாக உண்டாக்கினாலும் அது தள்ளப்படும் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. போகாதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். காக்கா கோபித்தால் கோபிக்கட்டும்.

பழைய பள்ளித்தெரு:
எடுத்ததற்கெல்லாம் பித்அத். குர்ஆன் ஓதுவதும் சோறு போடுவதும் பாவமா? கலீஃபா உமர் (ரலி) அவர்களே ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹைப் பார்த்து 'நல்ல பித்அத்' என்றார்களே. உங்கள் பள்ளியில் ஓடும் ஏசி நபி காலத்தில் இருந்ததா?

கிதாபுப் பிரியன்:
ஏசி இபாதத் (வணக்கம்) இல்லை பாய், வியர்க்காமல் தொழ ஒரு வசதி. அதை விடுவோம். தராவீஹை நபி (ஸல்) அவர்களே சில இரவுகள் ஜமாஅத்தாக (கூட்டாக) தொழவைத்தார்கள். கடமையாகிவிடுமோ என்று அஞ்சித்தான் நிறுத்தினார்கள். உமர் (ரலி) பிற்பாடு மக்களை உபை பின் கஅப் (ரலி) பின்னால் ஒன்றுசேர்த்தார்கள். அதற்கு வேர் இருந்தது. நாற்பதுக்கு வேர் எங்கே?

தம்பி, உங்கள் காக்காவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். இதே சோற்றை 36ஆம் நாள் போட்டால் ஆகாதா? ஆகாது என்றால், சோறு போடுவதோடு அந்தத் தேதியும் அவருக்கு மார்க்கமாகிவிட்டது. நாள், எண்ணிக்கை, முறை என்று நாமாக வரம்பு கட்டி, அதைச் செய்யாதவனைக் குற்றவாளியாகப் பார்க்கும் இடத்தில்தான் வம்பு தொடங்குகிறது. தூங்குமுன் ஓதும் துஆவை (பிரார்த்தனையை) நபியிடம் திருப்பிச் சொல்லிக் காட்டிய நபித்தோழர் பராஉ (ரலி), 'உன் நபி' என்பதற்குப் பதில் 'உன் தூதர்' என்றார். அர்த்தத்தில் ஒரு கெடுதியும் இல்லை. ஆனாலும் சொல்லிக்கொடுத்தபடியே சொல்லும்படி நபி திருத்தினார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நாம் தலைகீழாகப் போய்விட்டோம். ஹிஜ்ரி 8இல் முஅத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்க நபி சொன்னார்கள். அக்கம்பக்கம் சமைத்து மையித்து (இறந்தவர்) வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நாமோ மையித்து வீட்டில் தேக்சா ஏற்றி ஊரைக் கூப்பிடுகிறோம். இது நேர்வழி பாயின் கருத்து என்று காக்கா தள்ளிவிட முடியாது. ஷாஃபி இமாமான நவவீ தம் மஜ்மூஉ கிதாபில், மையித்து வீட்டார் சமைத்து ஆள் கூட்டுவதற்கு எந்த அறிவிப்பும் இல்லை, அது விரும்பத்தகாத பித்அத் என்று எடுத்தெழுதுகிறார். ஹனஃபி மத்ஹபு அறிஞர் இப்னுல் ஹுமாமும், விருந்து சந்தோஷத்துக்கு உரியது, துக்கத்துக்கு அல்ல என்கிறார்.

ஓதலின் நன்மை மையித்துக்குச் சேருமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நம் மத்ஹபின் பிரபலமான சொல் சேராது என்பது. மத்ஹபிலேயே சேரும் என்றவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் நவவீ மறைக்கவில்லை. ஆகவே உம்மா தன் பாட்டுக்கு உட்கார்ந்து ஓதி துஆ கேட்டால் அதில் மூக்கை நுழைக்காதீர்கள். கூலிக்கு ஓதவைப்பதை விட்டுவிடுங்கள். உம்மாவின் கேள்விக்கு: துஆவும் தர்மமும். சஅத் பின் உபாதா (ரலி) தாய் இறந்தபோது, அவருக்காகத் தர்மம் செய்தால் பயன்படுமா என்று கேட்டார். ஆம் என்றதும் தம் தோட்டத்தையே கொடுத்துவிட்டார்.

உம்மு ஸ:
ஆண்கள் யாரும் இதைக் கேட்கவில்லையே. வாப்பாவுக்குக் கடன் ஏதும் இருந்ததா? இரண்டு தீனார் கடனோடு வந்த ஜனாஸாவுக்கு, அபூ கதாதா (ரலி) பொறுப்பேற்ற பிறகுதான் நபி தொழவைத்தார்கள். இன்னொன்று: சொத்தைப் பிரிக்காமல் பொதுவிலிருந்து எடுத்துச் சமைத்தால் உம்மாவின் பங்கும் லாத்தாமார் (அக்காமார்) பங்கும் சேர்ந்து வேகிறது. அவர்களிடம் கேட்டீர்களா?

கரையோரத்தான்:
உம்மு ஸ, நிஜமாகவே யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் பதிலைப் படித்த இரவே வாப்பாவின் டைரியை எடுத்துப் பார்த்தேன். சிமெண்ட் கடைக்கு 18,500. தையல்காரருக்கு 600, பெருநாள் சட்டை தைத்த கூலி. இரண்டையும் காக்காவே கொண்டுபோய்க் கொடுத்தார்.

36ஆம் நாள் கேள்வியையும் கேட்டேன். "அதெப்படிரா, நாப்பதுன்னா நாப்பதுதான்" என்றவர், சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். ஆனாலும் ஒரேயடியாக விட மனம் வரவில்லை. கடைசியில் எங்கள் இருவர் கைக்காசில் ஒரே ஒரு கிடா, 36ஆம் நாளே, மதரஸாப் பிள்ளைகளுக்கு மட்டும். ஓதச் சொல்லவில்லை. அந்தப் பையனும் வந்திருந்தான். மூன்று தடவை சோறு வாங்கினான்.

மாமிக்கு மட்டும் ஆறவில்லை. நாற்பதன்று தன் வீட்டில் தனியாக ஃபாத்திஹா ஓதி, எங்களுக்கும் ஒரு தூக்குச்சட்டியில் நெய்ச்சோறு கொடுத்தனுப்பினார். உம்மா ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.