சிறிய அரங்கில் ஆவணப்படத் திரையிடல்: இயக்குநரிடம் எந்தக் கோப்பைக் கேட்டு வாங்குவது?

பின்வரிசை (கேள்வி)

60 இருக்கை, சமதளத் தரை, 4 மீட்டர் அகலத் திரை. ஃபுல் ஹெச்டி புரொஜக்டர், ஒரு லேப்டாப், மிக்சர், இரண்டு ஸ்பீக்கர். டிசிபி (திரையரங்குகளுக்கான டிஜிட்டல் படத் தொகுப்பு) ஓட்டும் சர்வர் கிடையாது. மாதம் இரண்டு சுயாதீனப் படம் அல்லது ஆவணப்படம் போடுவது திட்டம்.

"படத்தை அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினால் ஒருவர் டிசிபி அனுப்புகிறார், இன்னொருவர் இணைய இணைப்பு, மற்றொருவர் குறுக்கே பெயர் பொறித்த பார்வைப் பிரதி. சரியாக என்ன கேட்க வேண்டும்?

இன்னும் மூன்று சந்தேகம். சில படங்களில் இசை நன்றாகக் கேட்கிறது, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, ஏன்? பின்னால் இருப்பவர்களுக்கு சப்டைட்டில் தெரிவதில்லை, என்ன செய்யலாம்? நுழைவு இலவசம் என்றாலும் அனுமதி வாங்க வேண்டுமா?

ஒளிக்கற்றை

கோப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: 1920×1080, படம் முடிக்கப்பட்ட அதே ஃபிரேம் வேகத்தில் (நொடிக்கு எத்தனை படச்சட்டம்), புரோரெஸ் 422 ஹெச்க்யூ (எடிட்டிங்குக்கான உயர்தர, பெரிய கோப்பு வகை), இல்லையென்றால் நொடிக்கு 20 முதல் 30 மெகாபிட் உள்ள எச்.264 (நன்கு சுருக்கிய, சாதாரண வீடியோ வகை). 90 நிமிடப் படம் புரோரெஸில் கிட்டத்தட்ட 120 ஜிபி வரும், 25 மெகாபிட் எச்.264-இல் 17 ஜிபி. உங்கள் திரைக்கு இரண்டாவதே போதும். ஹார்டு டிஸ்க் அனுப்பினால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. எதுவாக இருந்தாலும் லேப்டாப்பின் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிட்டுத்தான் ஓட்டுவது. யுஎஸ்பியில் தொங்கும் டிஸ்க்கை யாராவது காலால் தட்டினால் படம் நின்றுவிடும்.

"25-இல் இருப்பதை 24 ஆக்கித் தாருங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். மாற்றும்போது ஃபிரேம்களைக் கலந்துவிட்டால் அசைவில் நிழல் படியும், அதை யாராலும் திருத்த முடியாது. மாற்ற வேண்டியது உங்கள் லேப்டாப்பின் வெளியீட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது (ஹெர்ட்ஸ்) என்பதை. 25 ஃபிரேம் படத்துக்கு 50 ஹெர்ட்ஸ், 24-க்கு 24, 30-க்கு 60. வாங்கியபோது இருந்த 60-இலேயே விட்டுவிட்டு 25 ஃபிரேம் படத்தை ஓட்டினால் சில ஃபிரேம் இரண்டு முறையும் சில மூன்று முறையும் வரும். கேமரா மெல்லப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகள் விக்கி விக்கி நகர்வது அதனால்தான். பழி இயக்குநர் தலையில் விழும்.

டிசிபிதான் இருக்கிறது என்றால் குறியாக்கம் (டிஜிட்டல் சாவியால் பூட்டுவது) இல்லாததைக் கேளுங்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் அதை ஓட்டும், சாதாரணக் கோப்பாகவும் மாற்றித் தரும். குறியாக்கம் செய்த டிசிபிக்கான சாவி குறிப்பிட்ட கருவியின் சான்றிதழுக்கு மட்டுமே தயாரிக்கப்படும், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அதிலேயே எழுதியிருக்கும். சர்வர் இல்லாத இடத்துக்கு அது சுமை.

நடுச்சேனல்

பேச்சு அமுங்குவதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டும் வேறு வேறு.

முதலாவது, கோப்பில் 5.1 ஒலி (ஆறு தனிச் சேனல்) இருப்பது. அதில் பேச்சு பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். லேப்டாப்பின் ஒலி அமைப்பு 5.1 என்று இருந்து, வெளியே இருப்பது இரண்டே ஸ்பீக்கர் என்றால் நடுச் சேனல் போக இடமில்லாமல் காணாமல் போகும். மிஞ்சுவது இசையும் பேச்சின் எதிரொலியும். அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் பிளேயர் ஆறு சேனலையும் இரண்டில் கலந்துவிடும். அதைவிட நல்லது, இயக்குநரிடம் தனி ஸ்டீரியோ மிக்ஸ் கேட்பது. திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும் படங்களில் பெரும்பாலும் அது தயாராகவே இருக்கும்.

இரண்டாவதைப் பலர் கண்டுபிடிப்பதே இல்லை. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரே ஸ்டீரியோ கேபிளை எடுத்து மிக்சரின் ஒரு பேலன்ஸ்டு உள்ளீட்டில் (இரண்டு கம்பிகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் துளை) செருகினால், மிக்சர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் ஒன்றாக இருப்பது பேச்சு, கழித்தால் பூஜ்யம். இடமும் வலமும் வேறுபடும் இசை மட்டும் தப்பிக்கும். மருந்து: ஒரு முனையில் 3.5 மிமீ ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு தனி மோனோ பிளக் உள்ள கேபிள். இரண்டையும் இரண்டு உள்ளீட்டில் செருகி, ஒன்றை முழுக்க இடம், மற்றதை முழுக்க வலம் என்று திருப்பிவிடுங்கள்.

எது உங்கள் சிக்கல் என்று பிரித்தறிய: ஸ்டீரியோ என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பேட்டியை ஓட்டுங்கள். அதிலும் குரல் மறைந்தால் கேபிள்தான். "ங்ங்ங்" என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்; நின்றுவிட்டால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் கிரவுண்ட் லிஃப்ட் (கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டி வேண்டும்.

மூன்றாம்வரி

சப்டைட்டில் விஷயம் திரையின் உயரத்தைப் பொறுத்தது. உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 1.25 மீட்டர். சமதளத் தரையில் திரையின் கீழ்விளிம்பு 1.4 மீட்டருக்குக் கீழே இருந்தால் மூன்றாம் வரிசைக்குப் பிறகு எழுத்து தலைகளுக்குப் பின்னால் போய்விடும். உங்கள் 4 மீட்டர் திரையின் உயரம் 2.25, கீழ்விளிம்பை 1.4-இல் வைத்தால் மேல்விளிம்பு 3.65-க்குப் போகும். கூரை 3.2 மீட்டர்தான் என்றால் படத்தை 3.2 × 1.8 ஆகச் சுருக்குங்கள். பெரிதாகக் காட்டிப் பாதியை மறைப்பதைவிடச் சிறிதாக முழுசாகக் காட்டுவது மேல். நாற்காலிகளை வரிசைக்கு வரிசை அரை இருக்கை தள்ளிப் போட்டால் இன்னும் உதவும்.

படத்தை மேலேற்ற கீஸ்டோனை (சாய்ந்த படத்தை மென்பொருளால் நேராக்கும் வசதி) தொடாதீர்கள், எழுத்துதான் முதலில் மங்கும். புரொஜக்டரையே உயர்த்துங்கள், அல்லது லென்ஸ் ஷிஃப்ட் (லென்ஸையே நகர்த்திப் படத்தை ஏற்றும் வசதி) இருந்தால் அது.

எழுத்து பதிக்காத பிரதியும் தனி எஸ்ஆர்டி (சப்டைட்டில்) கோப்பும் கிடைத்தால் பிளேயரில் வரியை மேலே நகர்த்திக்கொள்ளலாம். தமிழ் எஸ்ஆர்டி யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமித்ததாக இருக்க வேண்டும், இல்லையேல் கட்டம் கட்டமாக வரும். பின்னாளில் டிசிபிக்குப் போனால் தமிழ் வரிகளைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். எழுத்தாகக் கொடுத்தால் சில சர்வர்களில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி உட்காரும்.

ஒளிக்கற்றை

மேலே சொன்னதோடு ஒன்று. படத்தை 9 சதுர மீட்டரிலிருந்து 5.76-க்குச் சுருக்கினால் அதே புரொஜக்டரில் வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். திரையரங்குக்கான வெளிச்ச அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. சாதாரண வெள்ளைத் திரையில் அதற்குப் பெரிய அளவுக்கு புரொஜக்டரிலிருந்து சுமார் 1,360 லூமென் ஒளி வேண்டும், சின்னதற்கு 870 போதும். பெட்டியில் 3,000 என்று போட்டிருந்தாலும் சினிமா மோடில் பாதிக்கு இறங்குவது சகஜம். எனவே இது வெறும் கணக்கு இல்லை.

உரிமைக்கடிதம்

இலவசமா கட்டணமா என்பது அனுமதியைத் தீர்மானிப்பதில்லை. பொதுவில் காட்டுகிறீர்களா என்பதே கேள்வி. டிஸ்க் வாங்கியிருப்பதும் ஓடிடி சந்தா இருப்பதும் வீட்டில் பார்க்க மட்டும்.

இயக்குநர் "போடுங்க" என்று சொன்னால் போதாது. உரிமையைத் தொலைக்காட்சிக்கோ விநியோகஸ்தருக்கோ அவர் கொடுத்திருக்கலாம். "பொதுத் திரையிடல் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் தேதி, காட்சிகளின் எண்ணிக்கை, இருக்கை, நுழைவு முறை, கோப்பு வந்துசேர வேண்டிய நாள், காட்சி முடிந்ததும் அழித்துவிடுவோம் என்ற உறுதி எல்லாம் இருக்கட்டும். கட்டணம் மொத்தத் தொகையாக வரலாம், டிக்கெட்டில் பங்காகவும் வரலாம். "இரண்டில் எது அதிகமோ அது" என்ற வரியைப் பார்த்தால் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 இருக்கைக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. படம் திரைப்பட விழாவில் முதல் திரையிடலுக்குக் காத்திருந்தால் பதில் வரும்வரை சுவரொட்டி அடிக்காதீர்கள். தணிக்கை விதி நாட்டுக்கு நாடு வேறு, அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

பின்வரிசை

நன்றி. மிக்சருக்கு ஒரே கேபிள்தான் போகிறது, இன்றே மாற்றுகிறேன். கோப்பு வந்ததும் முழுப் படத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டுமா, அங்கங்கே தட்டிப் பார்த்தால் போதாதா?

நடுச்சேனல்

வந்த அன்றே ஒருமுறை முழுசாக. பாதியில் அறுந்த பதிவிறக்கமும், ஓட ஓட விலகும் உதட்டசைவும் தட்டிப் பார்த்தால் சிக்காது. காட்சியன்று முதல் ஐந்து நிமிடம், நடுவில் ஒரு பேட்டி, கடைசி ஐந்து நிமிடம் போதும். ஒலி அளவைக் கடைசி வரிசையில் நின்று பேச்சை வைத்து முடிவு செய்து, மிக்சரில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். அரங்கு நிறைந்தால் ஒலி கொஞ்சம் உறிஞ்சப்படும், அப்போது ஒரு சிட்டிகை ஏற்றினால் சரி. லேப்டாப்பில் அறிவிப்பு, அப்டேட், தூக்கநிலை மூன்றையும் அணையுங்கள்.

மூன்றாம்வரி

பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை விளக்கையும் போடாதீர்கள். வழக்கு என்ன ஆனது, ஊர் திரும்பக் கிடைத்ததா என்ற செய்தியைப் பல ஆவணப்படங்கள் அதற்கு நடுவில்தான் வைக்கின்றன.